பொன்னுக்கு வீங்கி வந்த மகனுக்கு

குமரா,

நலமா என்று கேட்டு இதைத் தொடங்கப் போவதில்லை. நீ நலமா என்று தெரிந்துகொள்ளத்தான் நாலு வருடமாக ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்க்கிறோம். நீதான் பதில் சொல்ல மாட்டேன் என்கிறாய். போனில் கேட்டால் டூட்டியில் இருக்கிறேன் என்று வைத்துவிடுகிறாய். நேரில் கேட்டால் ஞாயிற்றுக்கிழமை நடந்ததுதான் நடக்கிறது. அதனால் எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுதினால் பாதிப் பேச்சில் நீ எழுந்து போக முடியாது. முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உன் வாட்ஸ்அப்புக்கு அனுப்பப் போகிறேன். படித்தாயா இல்லையா என்பது எனக்குத் தெரிந்துவிடும். அந்த நீலக் கோடு இன்னதென்று சொல்லிக் கொடுத்ததே நீதான்.

நீ வந்திருக்கிறாய் என்று ஞாயிறு விடிகாலையில் நல்லவாட்டுக்குப் போய், படகு வரும்வரை மணலில் நின்று, சங்கரா மீன் வாங்கி வந்தேன். உன் அம்மா மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். மலர் உன் கம்பெனிச் சட்டைகளைத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். உன்னை மோட்டார் கொட்டகைப் பக்கம் கூட்டிப்போய், யார் காதிலும் விழாமல், ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். குழந்தை விஷயத்துக்கு டெஸ்ட் எடுத்தாகிவிட்டது, எனக்கு எல்லாம் நார்மல் என்று டாக்டரிடம் சொன்னாயே, அதை எங்கே எடுத்தாய் என்று கேட்டேன். நீ கரும்பைப் பார்த்தாய், மோட்டாரைப் பார்த்தாய், உன் செருப்பைப் பார்த்தாய். பிறகு சொன்னாய்: "அத வுடுப்பா. எனக்கு ஒன்னுமில்லன்னு எனக்குத் தெரியாதா?" அதாவது, எடுக்கவே இல்லை. நான் குரலை உயர்த்தினேன், ஒப்புக்கொள்கிறேன். நீ பையைத் தூக்கிக்கொண்டு சாப்பிடாமல் கிளம்பிவிட்டாய். குழம்பை உன் அம்மா மறுநாளும் சுட வைத்துப் பார்த்தாள். யாரும் தொடவில்லை.

நீ சொன்னது சின்னப் பொய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது என்ன செய்திருக்கிறது என்று கேள். அடுத்த வாரம் வியாழக்கிழமை மலருக்கு மயக்க மருந்து கொடுத்து, வயிற்றில் துளை போட்டு, கேமராக் குழாய் விட்டுப் பார்க்கப் போகிறார்கள். எதற்கு? அவளுடைய ஸ்கேன் சரியாக இருக்கிறது. ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது. எக்ஸ்ரே சரியாக இருக்கிறது. புருஷனுக்கும் குறை இல்லை என்று புருஷனே வாயால் சொல்லிவிட்டான். பிறகு அந்த டாக்டர் என்னதான் செய்வார்? இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை என்றால் உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். ரிப்போர்ட் எங்கே என்று கேட்டதற்கு, ரூமில் இருக்கிறது, அடுத்த முறை கொண்டுவருகிறேன் என்றாய். உன் பக்கத்து நாற்காலியில் மலர் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் என்னிடம் ஓடிவந்து, "அவருக்கு நல்லா இருக்காம் மாமா" என்று சொன்னாள். தன் தலையில்தான் இனி மொத்தப் பழியும் விழும் என்று தெரிந்தும், உனக்கு நல்லா இருக்கிறது என்று சந்தோஷப்பட்ட பெண் அவள்.

இந்த நாலு வருடத்தில் அவள் பட்டதை நீ பார்த்ததில்லை, ஏனென்றால் நீ வாரத்துக்கு ஒரு நாள் வருகிறவன். கர்ப்பப்பைக் குழாய் அடைத்திருக்கிறதா என்று மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்த அன்று அவளைக் கூட்டிக்கொண்டு போனது நான். உள்ளேயிருந்து அவள் முனகிய சத்தம் கதவைத் தாண்டிக் கேட்டது. வெளியே வந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். மறுநாள் காலையில் தவளக்குப்பம் பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டு நின்றாள். போன வருடம் மாத்திரை கொடுத்து, கருமுட்டை எந்த நாளில் வெளியேறும் என்று ஸ்கேனில் பார்த்துச் சொன்னார்களே, அந்த நாட்கள் வார நடுவில் விழுந்தன. நீ வந்தது சனிக்கிழமை. அவள் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் நின்று உன்னிடம் போனில் கெஞ்சினாள். மாமனார் கேட்கக்கூடாத பேச்சு, கேட்டுவிட்டேன். கொட்டகைக்குள் பால் கறந்துகொண்டிருந்தவன் எங்கே போவேன்? நீ ஷிப்ட் மாற்ற முடியாது என்று சொல்லியிருக்கிறாய். அந்த மாதம் அவள் விழுங்கிய மாத்திரை யாருக்காக? அடுத்த மாதம், இன்னுமா ஒன்றும் இல்லை என்று ஊர் கேட்டது அவளைத்தானே?

உன் அம்மாவையும் சொல்ல வேண்டும். கெட்ட எண்ணம் இல்லாதவள்தான். ஆனால் அவள் எந்தக் கோயிலுக்குப் போனாலும் மலரைத்தான் இழுத்துக்கொண்டு போகிறாள். தொட்டில் கட்டியது மலர். ஈரப் புடவையோடு பிரகாரம் சுற்றியது மலர். யாரோ சொன்னார்கள் என்று கசாயம் வைத்தால், அதையும் மலர்தான் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறாள். ஒரு நாள் நான் அந்தக் கசாயத்தில் ஒரு டம்ளரை எடுத்து வைத்து, இதைக் குமரனுக்கும் கொடுத்துப் பார் என்றேன். "அவனுக்கு எதுக்குங்க, அவன் நல்லாத்தான இருக்கறான்?" என்றாள். அவன் நல்லா இருக்கிறான் என்று இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிகிறது, டெஸ்ட் எடுக்காமலே. பாகூரில் நாம் முதலில் பார்த்த டாக்டரம்மா, கணவருடைய ரிப்போர்ட் இல்லாமல் இனி மலருக்கு ஒரு மாத்திரைகூட எழுத மாட்டேன் என்று கண்டிப்பாகச் சொன்னார். உடனே நீயும் உன் அம்மாவும் ஒன்று சேர்ந்து, அந்த அம்மா கைராசி இல்லாதவர் என்று சொல்லி, ஆஸ்பத்திரியையே மாற்றினீர்கள். அன்றைக்கே நான் குறுக்கே படுத்திருக்க வேண்டும். நான் சர்க்கரை ஆலையிலிருந்து கரும்பு வெட்டு உத்தரவு வந்துவிட்டது என்று கழனிக்குப் போய்விட்டேன்.

பெண்ணை நிலத்தோடு சேர்த்துப் பேசுகிற பேச்சு எனக்குப் பிடிக்காது. ஆனாலும் உனக்கு இது புரியும் என்பதால் கேட்கிறேன். நட்ட கரும்பு முளைக்கவில்லை என்றால் நாம் முதலில் எதைப் பார்ப்போம்? மண்ணைத் தோண்டி விதைத்துண்டான கரணை ஒன்றை எடுத்து, கணுவில் முளைவிடும் பரு உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்போம். சின்ன வயதிலேயே நீ அதைச் செய்திருக்கிறாய். கரணையைத் தொடவே மாட்டேன், நிலத்தை மட்டும் ஆழ உழுதுகொண்டே இருப்பேன் என்று ஒருவன் சொன்னால் அவனை நம் ஊரில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவோம் என்று உனக்குத் தெரியும். அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை.

இனி நான் சொல்லப்போவது உனக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது. நீ மறந்திருப்பாய் என்று நான் நம்பவில்லை. ஒன்பதாவது படித்தபோது உனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. இரண்டு தாடையும் வீங்கி, எச்சில் விழுங்க முடியாமல் கிடந்தாய். பொன்னைப் பார்த்தால் வீக்கம் வடிந்துவிடும் என்று உன் அம்மா தன் கழுத்துச் செயினைக் கழற்றி உன் கழுத்தில் போட்டாள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினாள். ஊசி போடக்கூடாது என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள், நாங்களும் கேட்டுக்கொண்டோம். கழுத்து வீக்கம் குறைய ஆரம்பித்ததும் உனக்கு மறுபடி காய்ச்சல் அடித்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற அன்று அம்மாவை உள்ளே விடமாட்டேன் என்றாய். அப்பா வரட்டும் என்றாய். நான் வேப்பந்தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்தால், நீ காலை அகட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். கீழே விதைப்பை வீங்கிச் சிவந்திருந்தது. உன் கண்ணில் தண்ணீர். "அம்மாகிட்ட சொல்லாதப்பா," என்றாய். "நீ வெளிய நில்லு, நானே ஊத்திக்கிறேன்."

நான் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றேன். அப்போது என் மனதில் ஓடியதைச் சொன்னால் நீ சிரிப்பாய். கழுத்திலிருந்த வீக்கம் கீழே இறங்கிவிட்டது, இனி காலோடு போய்விடும், நல்லதுதான் என்று நினைத்தேன். பொன்னுக்குப் பயந்து கீழே ஓடுகிறது என்று நம்பினேன். ஒரு வாரத்தில் வலி போய்விட்டது, நீ கிரிக்கெட் ஆடப் போய்விட்டாய், நானும் அதைப் பற்றிப் பேசவில்லை. நீ கேட்டுக்கொண்டபடி உன் அம்மாவிடம் இன்று வரை சொல்லவில்லை. பதினான்கு வயதுப் பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு அது. முப்பது தாண்டிய ஆணுக்கும் அது செல்லும் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. முன்பு ஏதாவது நோய் வந்ததா என்று பாகூர் டாக்டரம்மா உன்னைக் கேட்டபோது, இல்லை என்று தலையாட்டினாய். அந்த அறையில் நானும் இருந்தேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை.

போன மாதம் என் சர்க்கரை மாத்திரைக்காக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனபோது, அங்கே இருந்த டாக்டரிடம் இதைக் கேட்டேன். மலர் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. எனக்குத் தெரிந்த ஒரு பையன் என்று ஆரம்பித்தேன். சரிங்கய்யா, உங்களுக்குத் தெரிந்த பையனா என்று சிரிக்காமல் கேட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். எனக்கு வியர்த்துக் கொட்டியது. அவருக்கு ஒன்றும் இல்லை; தொண்டை வலிக்கு மருந்து சொல்கிற மாதிரிதான் சொன்னார். பொன்னுக்கு வீங்கி ஒரு கிருமியால் வருவது. வளர்ந்த பையன்களுக்கு வந்தால் சிலருக்கு விதைப்பையிலும் வீக்கம் வரும், அது கழுத்திலிருந்து இறங்குவது அல்ல. அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாலும் ஓய்வும் வலி மாத்திரையும்தான் கொடுத்திருப்பார்களாம். ஆகவே இதில் யார் மேலும் குற்றம் இல்லை. உன் மேலும் இல்லை, செயின் போட்ட உன் அம்மா மேலும் இல்லை. பெரும்பாலும் ஒரு பக்கம்தான் பாதிக்கும், அப்படி வந்த பலருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்றார். சிலருக்கு விந்தணு குறைந்துபோகும் என்றும் சொன்னார். வீங்கியது ஒரு பக்கமா, இரண்டு பக்கமா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கூச்சத்தில் நான் அன்று சரியாகப் பார்க்கவில்லை. அது உனக்குத்தான் தெரியும், நீதான் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

அவர் சொன்ன இன்னொன்றையும் கேள். ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்தும் குழந்தை நிற்கவில்லை என்றால் இரண்டு பேரையும்தான் பார்க்க வேண்டும், அதிலும் ஆணுக்கு எடுக்கிற டெஸ்ட்தான் எல்லாவற்றிலும் சுலபமானது, அதை முதலிலேயே எடுத்துவிட வேண்டும் என்றார். கத்தி கிடையாது, ஊசி கிடையாது, வலி கிடையாது. இரண்டு மூன்று நாள் விலகி இருந்துவிட்டு, லேபில் தனி அறையில் ஒரு டப்பாவில் கொடுத்துவிட்டு வர வேண்டும். ஒரு தடவை குறைவாக வந்தால் பயப்படக்கூடாது, சில வாரம் விட்டு மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். விந்தணு உருவாக ஏறக்குறைய மூன்று மாதம் ஆகுமாம். இன்றைக்கு எடுக்கிற டெஸ்ட், இந்த மூன்று மாதமாக நீ எப்படி இருந்தாய் என்பதைத்தான் காட்டும். நீ கம்பெனியில் உலைக்குப் பக்கத்தில் நாளெல்லாம் நிற்பதையும், வாயில் அடக்குகிற அந்தப் புகையிலைப் பாக்கையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல், இரண்டுமே அணுவைக் குறைக்கலாமாம். பாக்கு எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? உன் சட்டைப்பையைத் துவைக்குமுன் பார்ப்பவள் மலர், அந்தக் காலிப் பொட்டலத்தை அவள் ஒளித்துப் போடுகிற குப்பைத்தொட்டியைக் கொட்டுகிறவன் நான். குறைவாக இருந்தாலும் வழி இருக்கிறது. அணுவே தெரியவில்லை என்றாலும் அடுத்து என்ன செய்வது என்று பார்க்க டாக்டர்கள் இருக்கிறார்கள். எந்த வழியும் இல்லை என்றாலும் நீயும் அவளும் உட்கார்ந்து பேசி, தத்து எடுக்கலாம், எடுக்காமலும் வாழலாம். மீசைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மூட்டை தூக்குகிற தோளுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மலர் மேல் அன்பாக இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

இவ்வளவையும் கோபத்தில்தான் எழுதுகிறேன், கை வலிக்கிறது, கோபம் குறையவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீ கிளம்பிய பிறகு மொபெட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு உன் பின்னாலேயே வந்தேனே, அதையும் எழுத வேண்டும். திட்டத்தான் வந்தேன். நீ நிழற்குடையின் ஓரத்தில், முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாய். நான் பக்கத்தில் வந்து நின்றதும், என்னைப் பார்க்காமலே கேட்டாய்: "கெட்டதா வந்தா நான் இன்னாப்பா பண்ணுவேன்?" அதற்குள் பஸ் வந்துவிட்டது. நீ ஏறிப் போய்விட்டாய். அதுவரை உன்னைத் திமிர் பிடித்தவன் என்று நினைத்திருந்தேன். நீ பயந்திருக்கிறாய். அதே குளியலறைக்குள்ளேயே இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய்.

பயம் தப்பில்லை. உன் பயத்துக்கு அவள் வயிற்றைக் கிழிக்க விடுவதுதான் தப்பு. அதை நான் விடப்போவதில்லை. நேற்று மாலை மலர் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். உன் சட்டைகள்தான், நீ விட்டுவிட்டுப் போனவை. வியாழக்கிழமை ஆஸ்பத்திரி வேண்டாம்மா, குமரன் வரட்டும் என்றேன். ஏன் மாமா என்றாள். அவன் சொல்வான் என்றேன். சரி என்று சொல்லிவிட்டு நாலு சட்டையை மடித்து முடித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "அவரு டெஸ்ட்டே எடுக்கல, இல்ல மாமா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை, உண்மையைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்றும் தெரியவில்லை. அவள் அழவில்லை. கத்தவில்லை. "நான் கேக்க மாட்டேன் மாமா. அவரே வந்து சொல்லட்டும்," என்று மட்டும் சொன்னாள். அப்புறம் உள்ளே போய் எல்லோருக்கும் தோசை ஊற்றினாள். உன் அம்மா எதையும் கவனிக்காமல் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தத் தோசையைச் சாப்பிட வெட்கமாக இருந்தது.

இதுதான் இப்போது நிலைமை. அவளுக்குத் தெரிந்துவிட்டது. உன் வாயால் கேட்க வேண்டும் என்று காத்திருக்கிறாள். சனிக்கிழமை வா. வந்ததும் என்னிடம் வராதே, அம்மாவிடம் போகாதே. அவளிடம் போய் உட்கார். பொன்னுக்கு வீங்கியில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல். திட்டினால் வாங்கிக்கொள். திங்கட்கிழமை காலையில் பாகூர் டாக்டரம்மாவிடம் மூன்று பேரும் போவோம். அம்மாவுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். அந்த வாக்கை மட்டும் இப்போது எனக்குத் திருப்பிக் கொடுத்துவிடு. நீ வரவில்லை என்றால் நானே மலரோடு உள்ளே பார்க்க வேண்டும் என்ற அந்த ஆஸ்பத்திரிக்குப் போய், என் மகன் சொன்னது பொய் என்று டாக்டர் முன்னால் சொல்லுவேன். சொல்லிவிட்டு எப்படி நடந்து வெளியே வருவேன் என்று தெரியாது, ஆனால் சொல்லுவேன்.

பஸ் ஸ்டாப்பில் நீ கேட்டதற்குப் பதில் இதுதான். கெட்டதாக வந்தால், கையில் அந்தக் காகிதத்தோடு நீ டாக்டர் அறைக் கதவைத் திறப்பாய். அன்று குளியலறையில் நீ தாழ்ப்பாளைத் திறக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டாய். நான் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. திங்கட்கிழமையும் வெளியேதான் நிற்பேன்.

அப்பா